தூணோரத்துத் துறவி

கிரவீன், சிட்னி
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் தர்சினிக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு, அடுத்த பாதியை எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டேன். உன் நலம் அறிய ஆவல் என்பதை இத்தனை வருடங்களாக உறையின் மேல் முகவரி எழுதுவது போலத்தான் எழுதி வந்திருக்கிறேன். அது ஒரு கேள்வி என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது. நீ நலமா, பிள்ளை?

நேற்று உனக்குத் தொலைபேசி எடுத்தேன். மருமகன் அருந்தவன்தான் எடுத்தார். அவ நித்திரை மாமா, எழுப்பவோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்க வேண்டியவற்றை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். ஆனால் வாயில் வந்தது, வியன்னாவில் குளிர் எப்படி என்பதுதான். மைனஸ் இரண்டு மாமா என்றார். இங்கே முப்பத்தைந்து என்றேன். அதோடு வைத்துவிட்டோம். என் சுபாவம் உனக்குத் தெரியும். வாயால் முடியாததால் கையால் எழுதுகிறேன். ஸ்கேன் பண்ணி உன் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புவேன். அம்மாவுக்கு இது தெரியாது. விமலா அன்ரியோடு ஹரிஸ் பார்க்குக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அம்மாவின் சுகத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இதயத்துக்குக் குழாய் வைத்த பிறகு கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காக எடுக்கிறாள். போன கிழமை பரமட்டாவில் வைத்தியரைக் கண்டோம். திருப்தி, ஆனால் மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று பழையபடி சொன்னார். நடக்கிறாள், சாப்பிடுகிறாள். நீ தொலைபேசி எடுக்கும்போது மட்டும் அவளுக்கு உடனே குளிக்க வேண்டி வந்துவிடுகிறது. அதன் காரணம் உனக்குத் தெரியும். அந்த எண்ணெய்தான்.

கறிவேப்பிலையும் செவ்வரத்தம் பூவும் போட்டுக் காய்ச்சி, விமானத்தில் கசியாமல் இருக்கப் பையின் மேல் பை சுற்றி, சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நான் பயந்து நடுங்க நடுங்க அவள் வியன்னாவுக்கு உன்னிடம் கொண்டுவந்தது. வந்த மறுநாள் காலை துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வா பிள்ளை, இதில இரு, தலையை இழுத்து விடுறன் என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நீ எழுந்து சுவரோடு நின்றுகொண்டு, இப்ப ஒருத்தரும் எண்ணெய் வைக்கிறேல்லை அம்மா, அதைத் திருப்பிக் கொண்டு போங்கோ என்றாய். உன் குரல் அப்படிக் கூர்மையாக இருந்ததை நான் முன்பு கேட்டதில்லை. அதன் பிறகு அம்மா உன் பக்கத்தில் வந்த போதெல்லாம் நீ ஏதாவது ஒரு வேலையாக எழுந்து போனாய். இங்கே திரும்பி வந்த நாள் முதல் அவள் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். என்ர கை பட்டால் அவளுக்கு இப்ப அருவருப்பு, வெளிநாட்டுக்காரி ஆகிட்டாள். அந்தப் போத்தல் குசினி ஜன்னலில் நிற்கிறது. திறக்கவும் மாட்டாள், எறியவும் விடமாட்டாள்.

நானும் உன்னில் கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. புதன்கிழமை வரைக்கும்.

நீங்கள் என்னை அந்த மலைமேல் கத்தோலிக்க மடாலயத்துக்குக் கூட்டிப் போனீர்கள் அல்லவா? இங்கே எங்கள் புகைப்படக் கழகத்தின் கண்காட்சிக்கு இந்த வருடத்துத் தலைப்பு கட்டடங்களின் உட்புறம் என்று நான் சொன்னதும், அருந்தவன் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர்களுக்கு எழுதி, முக்காலி வைத்துப் படமெடுக்க அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். அதற்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்த மடாலயக் கோயிலுக்குள் கால் வைத்ததும் என் திறந்த வாய் மூடவில்லை. நேர்கோடுகளை வரைந்தே பிழைத்தவன் நான். நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் சரி, பரமட்டாவில் வடிகால் வரைபடங்கள் போட்ட அலுவலகத்திலும் சரி, கோடு என்றால் கோடு. அங்கே ஒரு கோடும் நேராக இல்லை. தூண்கள் முறுக்கிய துணி போல மேலே போகின்றன. சாந்தில் செய்த மேகங்கள் சட்டத்தை மீறி வெளியே வழிகின்றன. பொன்பூசிய குழந்தைகள் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கின்றன. எங்கே கட்டடம் முடிந்து எங்கே சித்திரம் தொடங்குகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொன்னின் மினுக்கத்துக்குக் கமராவில் ஒளியை அளவெடுத்தால் ஓரத்துச் சிற்றாலயங்கள் கரி போல இருண்டுவிடும், இருட்டுக்கு எடுத்தால் பொன் வெளுத்துவிடும். எப்படி எடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டியாக வந்த அந்தப் பெண் எங்களை நடுவில் இருந்த வட்டக் கல்லில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னாளே, நினைவிருக்கிறதா? தலைக்கு மேல் பெரிய குவிமாடம். ஜன்னல்கள், படிப்படியாக ஏறும் வளையங்கள், உச்சியில் ஒளி. அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு உயரமப்பா, கழுத்து முறியுது என்றாள். நான் மனதுக்குள் அதன் உயரத்தைக் கணக்குப் போட்டு, வளைவின் பாரத்தை இந்தச் சுவர்கள் எப்படித் தாங்குகின்றன என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு அந்த வழிகாட்டிப் பெண் எங்களைக் கல்லை விட்டு இறங்கிச் சற்று நடக்கச் சொன்னாள். குவிமாடம் ஒரு பக்கமாகச் சரிந்து, காற்றில் மடிந்த குடை போலக் கோணிப்போனது. அங்கே குவிமாடமே இல்லை. தட்டையான கூரையில் தீட்டிய சித்திரம். அம்மா, விழப்போகுது என்று கத்திக்கொண்டு பக்கத்து வாங்குப் பலகையைப் பிடித்தாள். நீயும் அருந்தவனும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கோடு போட்டவனை ஒரு கூரை இப்படி ஏமாற்றிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

அந்தத் தூண்களும் பளிங்கு இல்லையாம். தொட்டுப் பாருங்கள் என்றாள் வழிகாட்டி. பளிங்கென்றால் குளிர வேண்டும். அது குளிரவில்லை. சாந்தைக் கலந்து மினுக்கியது. கண்ணை ஏமாற்றத்தான் இவ்வளவும் செய்தார்கள், கையை ஏமாற்ற அவர்களாலும் முடியவில்லை என்று அவள் சொன்னபோது, நீ சட்டென்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நாங்கள் பிரிந்தோம். அருந்தவன் அம்மாவைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். நான் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். நீ, நான் வெளியில முற்றத்தில நிக்கிறன் அப்பா, ஆறுதலா எடுங்கோ என்றாய். நூலகத்தில் ஒரு பெரிய கூட்டம் இருந்தபடியால், காவலாளி என்னைக் கோயிலின் மேல் மாடத்துக்கு அனுப்பினார். நான் அங்கே இருந்தது உனக்குத் தெரியாது.

நான் படமெடுத்த முறையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் கழகத்தில் ஸ்ரீகாந்த் என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், என் வயதுதான், என்னைவிட இருபது மடங்கு துணிச்சல். ஆட்கள் நிறைந்த இடத்தை ஆளில்லாமல் எடுக்கும் வழியை அவர்தான் சொன்னார். முக்காலியை அசைக்காமல், அதே காட்சியை விட்டு விட்டுப் பல தடவை எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மாறாமல் நிற்பதை மட்டும் அது வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். டூரிஸ்டுங்க எல்லாம் ஆவியாப் போயிடுவாங்க சார், ஆடாம அசையாம உக்காந்திருக்கவன் மட்டும்தான் மாட்டுவான், அப்படி எவன் சார் உக்காருவான் என்று சிரித்தார்.

புதன்கிழமை அடுக்கினேன். கூட்டம் முழுவதும் மறைந்து கோயில் வெறுமையாக எழுந்து வந்தது. அவ்வளவு அழகாக நான் ஒரு படமும் எடுத்ததில்லை. ஆனால் எதிர்ப்பக்கத் தூணின் ஓரத்தில், பாதிரியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுக்குப் பக்கத்து வாங்கில், ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார். மொட்டைத் தலை. பழுப்பு அங்கி. மடியில் ஒரு கறுப்புத் தொப்பி. மடத்துத் துறவி ஒருவர், வயது போனவர், எவ்வளவு நேரம் இப்படித் தியானத்தில் இருக்கிறார் என்று வியந்தேன். வியந்துவிட்டு, அவரை அழிக்கத் தொடங்கினேன். பக்கத்து வாங்கின் மரத்தை எடுத்து அவர் மேல் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். காலிலிருந்து தொடங்கி இடுப்பு வரைக்கும் அழித்துவிட்டேன்.

அப்போது அம்மா தேநீர் கொண்டுவந்தாள். பின்னால் நின்று பார்த்தாள். ஆரப்பா அந்தக் கிழவர், பாவம், தனிய இருக்குது, அது இருந்தால் உங்களுக்கு என்ன இடைஞ்சல், விடுங்கோவன் என்றாள். கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதற்காகத்தான் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். கொண்டுவந்து, ஓரங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு அங்கிக்கு ஒரு பச்சைக் கரை இருந்தது. கடுகு மஞ்சள் நிறம் அந்த விளக்கில் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. ஹரிஸ் பார்க்கில் உனக்கென்று அம்மா வாங்கிய சால்வை. இந்த நிறம் அவளுக்குப் பிடிக்காது என்று நானும், எனக்குத் தெரியும் என்ர பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அவளும் கடையில் நின்று சண்டை பிடித்த சால்வை. மடியில் இருந்தது தொப்பி இல்லை.

தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தேன். குசினியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. பெற்ற இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். ஒருவர் கிழவர் என்று பரிதாபப்பட்டார். மற்றவர் அழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, வேறொன்றும் செய்யத் தெரியாதபடியால், அடுக்குவதற்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் படங்களில் நீ கூந்தலோடு வந்து இருக்கிறாய். சுற்றிப் பார்க்கிறாய், மேலே பார்க்கவில்லை. பிறகு கை தலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமே மாறவில்லை. உனக்கு முன்னால் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள், நீ அப்படியே இருக்கிறாய். ஒன்றில் மட்டும் உள்ளங்கையால் உன் தலையை நீயே தடவிக்கொண்டிருக்கிறாய். கடைசிப் படத்தில் மறுபடியும் கூந்தல். எழுந்து நிற்கிறாய். எதிரே சுவர்தான், ஒருவரும் இல்லை. அந்தச் சுவரைப் பார்த்து நீ சிரிக்கிறாய்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நான் முற்றத்துக்கு இறங்கி வந்தபோது, என்னப்பா, நல்லா வந்ததோ என்று கேட்டுக்கொண்டு அதே சிரிப்போடு நின்றாய்.

நான் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் இரண்டு நாளாக வேண்டுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாகரிகத்துக்காகவும் தலையை வழிக்கிறார்கள், பரமட்டா ஸ்ரேசனில் பார்க்கிறேன். கோயிலுக்கு ஏதாவது நேர்த்தி வைத்திருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தை அருந்தவனுக்கும் காட்டி, அப்பாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று இருவரும் வயிறு நோகச் சிரியுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் வேறில்லை. ஆனால் நேர்த்திக்கு வழித்தவள் அதன்மேல் பொய்க்கூந்தல் வைக்கமாட்டாள். அருந்தவன்தான் தினமும் சமைத்தார், தாளிக்கும் வாசனை வந்தால் நீ கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். மத்தியானத்தில் அலுவலக வேலை என்று அறைக் கதவைச் சாத்தினாய், ஆனால் கணினி முன்னறை மேசையில் கிடந்தது. அம்மா குளியலறையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு மயிர் உதிர்ந்து கிடக்கேல்லையப்பா, குடுத்து வச்ச தலை, என்ன சம்பூ பாவிக்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கோ என்று என்னிடம் சொன்னாள். நான் உன்னிடம் கேட்டேன். நீ ஏதோ ஒரு பெயரும் சொன்னாய். அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன், பிள்ளை.

நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவின் இதயத்துக்குப் பயந்திருக்கிறாய். என் பயந்த சுபாவத்துக்கும் பயந்திருப்பாய், அதிலும் நியாயம் உண்டு. எங்களை அந்த வட்டக் கல்லில் நிற்க வைத்து, எல்லாம் சரியாகத் தெரியும்படி பார்த்துக்கொண்டாய். உடம்பு அப்படி இருக்கும்போது அதற்கு எவ்வளவு பிரயாசைப்பட்டிருப்பாய்! அருந்தவனில் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அந்த மனிசன் கோப்பிக் கடையில் அம்மாவுக்குப் பகிடி சொல்லிச் சொல்லி, நீ கொஞ்ச நேரம் தலையைத் திறந்து வைத்திருக்க இடம் செய்து தந்திருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது. அவரையும் ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்று. சரியோ பிழையோ தெரியாது, எழுதிவிடுகிறேன். வைத்தியர் மனதை அலட்டக் கூடாது என்கிறார். என் கை என் பிள்ளைக்கு அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்து திரிவது மட்டும் அலட்டல் இல்லையா? அந்தக் கிழவரை விடுங்கோவன் என்று சொன்னவள் அவள். ஆரென்று தெரியாமலே அவளுக்கு மனம் இரங்கியது. தெரிந்தால் உடைந்துபோவாள் என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இப்போது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

உன் அனுமதி இல்லாமல் அவளிடம் வாய் திறக்கமாட்டேன். எனவே இப்படிச் செய்வோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொலைபேசி எடுப்போம். அம்மாவைக் குளிக்கப் போகவிடாமல் பக்கத்துக் கதிரையில் இருத்தி வைப்பது என் பொறுப்பு. படம் எப்படி வந்தது அப்பா என்று மட்டும் நீ கேள். கேட்டாயென்றால், அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு, நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். என் குரல் நடுங்கும், பரவாயில்லை. நீ கேட்காவிட்டால், இங்கே இவ்வளவு வெயில் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், அதற்காக உன்னைக் குறை நினைக்கமாட்டேன். எங்கள் இருவருடைய கடவுச்சீட்டும் இன்னும் காலாவதியாகவில்லை, இன்று காலை எடுத்துப் பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். உங்கள் முன்னறையில் ஒரு பாய் போதும் எங்களுக்கு. எண்ணெய் பூச வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். எண்ணெய் பூச ஒன்றும் இல்லாத தலையையும் தடவ அவளுக்குத் தெரியும், நீ பிறந்தபோது உனக்கு இருந்தது அந்தத் தலைதான்.

ஸ்ரீகாந்த் படத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை. அந்த அழித்தலைச் செய்த கணினிக் கோப்பை நீக்கிவிட்டேன்.

விமலா அன்ரியின் கார்ச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். என் கடிதங்களை எப்போதும் எந்த வரியோடு முடிப்பேன் என்று உனக்குத் தெரியும். வியன்னா விமான நிலையத்தில் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினேன், நீ சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாய், கை உன் தோளில் விழுந்தது. என்ன பணிவு என்று விமானத்தில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கை இன்னும் அந்தரத்தில் நிற்கிறது, தர்சினி. அதை வைக்க விடு.

உன் தலையில் கை வைத்து,
அப்பா
க. தனபாலன்